பிளானை ஏற்றுவதற்கு முன்

"லைன் ஸ்லோ, பிளானை ஏத்துங்க." ஜொகூர் பாருவிலிருந்து குளுவாங் வரை சின்ன அலுவலகம் நடத்தும் பலரும் இந்த அறிவுரையைக் கேட்டிருப்பார்கள். முன்னறைக் கணினியில் இருக்கும் ஒரு ஃபோல்டரைப் பின்னறைக் கணினிக்கு நகலெடுக்க அரை நாள் ஆகிறது. முதலாளி கணக்காளரைக் கேட்கிறார். கணக்காளர் கணினிக் கடைக்காரரைக் கேட்கிறார். இப்போது இருப்பது 100 மெகாபிட் இணைய பிளான், 500-க்குப் போங்கள் என்கிறார் கடைக்காரர். இரண்டு ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. அதன் பிறகும் அந்த ஃபோல்டர் அதே அரை நாளில்தான் நகர்கிறது.

இந்த அறிவுரை அடியோடு தவறு. ஏதோ சில இடங்களில் பொருந்தாது என்று மென்மையாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. கடைவீட்டு மாடியில் திருமண வீடியோ எடிட் செய்கிறவர்கள், அழைப்பிதழ் அச்சடிக்கிறவர்கள், சிறு கணக்கு அலுவலகங்கள், கிளினிக்குகள் என்று நம் ஆட்கள் உழைத்துச் சம்பாதித்த பணம் இந்த ஒரு வாக்கியத்தால் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கிறது. பணத்தோடு முடிந்தாலும் பரவாயில்லை. உண்மையான பழுது எங்கோ சுவருக்குள் கிடக்க, அதைத் தேட வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் வராமல் போகிறது.

ஒரே அலுவலகத்துக்குள் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஃபைல் கட்டடத்தை விட்டு வெளியே போவதில்லை. முதல் கணினியின் டிஸ்க்கிலிருந்து எழுந்து, அதன் நெட்வொர்க் கார்டு, கேபிள், நடுவில் இருக்கும் சுவிட்ச் அல்லது ரௌட்டர், மறுபடி கேபிள், மறுபுறக் கார்டு என்று போய் இரண்டாவது கணினியின் டிஸ்க்கில் இறங்குகிறது. தெருவிலிருந்து வரும் ஃபைபருக்கு இந்தப் பயணத்தில் எந்த வேலையும் இல்லை. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை எட்டு வழியாக அகலப்படுத்தினாலும் நம் வீட்டுச் சமையலறைக் கதவின் இறுகிப்போன கீல் இளகாது. ஐயமிருந்தால் ரௌட்டரை அணைக்காமல், வெளியிலிருந்து வரும் இணைப்பை மட்டும் பிடுங்கிவிட்டு அதே ஃபோல்டரை மறுபடி நகலெடுத்துப் பாருங்கள். நகல் அதே வேகத்தில் ஓடினால், பிளானுக்கும் அந்தத் தாமதத்துக்கும் தொடர்பில்லை என்பது உங்கள் கண்முன்னே தெரிந்துவிடும். இதற்கு ஒரு காசு செலவில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதை மறைக்க மாட்டேன். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவற்றோடு இணைந்த ஃபோல்டரில் ஃபைலைப் போட்டு அது பக்கத்து அறைக்கு வரட்டும் என்று காத்திருந்தால், அந்த ஃபைல் வெளியே போய்த்தான் திரும்பி வருகிறது. அப்போது லைனுக்கும் பங்கு உண்டு. பக்கத்து அறைக்குப் போக வேண்டியதை ஏன் வெளியே அனுப்ப வேண்டும் என்பதுதான் அங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

இத்தனை எளிதாகப் பொய்யாகும் நம்பிக்கை எப்படி வேர்விட்டது? மக்கள் அறியாதவர்கள் என்று சொல்லிக் கடந்துபோவது நியாயமில்லை. ஒரு காலத்தில் அது பெரும்பாலும் உண்மையாகவே இருந்தது. பழைய ஸ்ட்ரீமிக்ஸ் இணைய இணைப்பின் காலத்தில் வெளியிலிருந்து வந்த வேகம் மிகச் சொற்பம். 2010 மார்ச்சில் யூனிஃபை ஃபைபர் சேவை வந்தபோது விற்ற பிளான்கள் 5, 10, 20 மெகாபிட். அலுவலகத்துக்குள் ஓடிய கேபிளும் சுவிட்சும் 100 மெகாபிட் தாங்கின. வெளியைவிட உள்ளே ஐந்து முதல் இருபது மடங்கு வேகம். எது தாமதமானாலும் லைனைச் சந்தேகித்தால் பத்துக்கு ஒன்பது முறை சரியாகவே இருந்திருக்கும். அந்த ஆண்டுகளில் மனத்தில் பதிந்த பழக்கம் இது.

பிறகு நிலைமை தலைகீழாகிவிட்டது. 2018-இல் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் விலைக் கட்டுப்பாடு வந்தபின் பழைய வாடிக்கையாளர் பலருக்கு வேகம் பல மடங்கு உயர்த்தப்பட்டது. இன்று 500 மெகாபிட்டும் ஒரு ஜிகாபிட்டும் சாதாரண வீட்டு பிளான்கள். ஆனால் சுவருக்குள் 2011-இல் இழுத்த கேபிள் அப்படியே இருக்கிறது. மேசைக்கு அடியில் 100 மெகாபிட் சுவிட்ச் தூசி படிந்து ஓடிக்கொண்டிருக்கிறது. வெளி வாசலில் 500 வந்து நிற்கிறது, உள்ளே 100-க்கு மேல் நகர வழியில்லை. இந்த அலுவலகத்துக்குப் பிளானை இன்னும் ஏற்று என்று சொல்வதில் என்ன அறிவு இருக்கிறது? வாங்கிய வேகமே மேசைவரை வந்து சேரவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. இதுதான் அந்த நம்பிக்கையை உயிரோடு வைத்திருக்கிறது. பிளானை ஏற்றியபின் உள் நகலும் வேகமானது என்று சிலர் சத்தியம் செய்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. புதிய பிளானோடு புதிய ரௌட்டர் வந்திருக்கும். பழைய ரௌட்டர் பலவற்றில் போர்ட் 100 மெகாபிட், புதியதில் ஒரு ஜிகாபிட். அல்லது வந்த தொழில்நுட்பர் தளர்ந்திருந்த ஒரு கேபிளைப் பிடுங்கிச் சரியாகச் செருகியிருப்பார், பழுதான போர்ட்டிலிருந்து நல்ல போர்ட்டுக்கு மாற்றியிருப்பார். குணப்படுத்தியது பெட்டியும் செருகலும். பெயர் வாங்கியது பிளான். அந்தப் பெயருக்கு 24 மாதம் கட்டணம் கட்டுகிறோம்.

பழுதைத் தேடுவது பெரிய வித்தை என்ற எண்ணமும் தவறுதான். விண்டோஸில் நகலெடுக்கும்போது திறக்கும் சின்னச் சன்னலே பாதி நோயைச் சொல்லிவிடும். படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவே. பிளானை விற்பவர்கள் மெகாபிட்டில் பேசுகிறார்கள், அந்தச் சன்னல் மெகாபைட்டில் பேசுகிறது. ஒரு பைட்டுக்கு எட்டு பிட். 100 மெகாபிட் கேபிள் முழு ஆரோக்கியத்தோடு ஓடினால் சன்னலில் நொடிக்கு 11 அல்லது 12 மெகாபைட் காட்டும். ஒரு ஜிகாபிட் கேபிள் நன்றாக ஓடினால் 110-ஐத் தாண்டும்.

ஆகவே அந்தச் சன்னலின் வேக வரைபடம் 11-இல் தட்டையாக, நேர்கோடாக, அசையாமல் நின்றால் வேறு எதையும் தேட வேண்டாம். நடுவில் எங்கோ ஒரு கண்ணி 100 மெகாபிட்டில் சிக்கிக் கிடக்கிறது. பழைய சுவிட்சாக இருக்கலாம், ஒரு கம்பி அறுந்த கேபிளாக இருக்கலாம். 110-இல் நின்றால் நெட்வொர்க் தன் வேலையை முழுமையாகச் செய்கிறது, அதைக் குறை சொல்ல இடமில்லை. முதல் சில விநாடி சீறிப் பாய்ந்துவிட்டுப் பிறகு தொய்ந்து போனால், எழுதும் டிஸ்க் மூச்சு வாங்குகிறது. தொடக்கத்தில் நினைவகம் ஏந்திக்கொண்டதை டிஸ்க் பிறகு மெதுவாக விழுங்குகிறது. 30, 35-இல் நின்றால், ரௌட்டரின் பின்னாலோ கணினியிலோ பழைய யூஎஸ்பி 2 போர்ட்டில் செருகிய வெளி டிஸ்க் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். வரைபடம் மேலும் கீழும் குதித்துக்கொண்டே இருந்தால் கேபிளில் பிழை, வைஃபை, வைரஸ் தடுப்பு மென்பொருள் என்ற மூன்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது? ஒரு திருமணத்தின் மூலக் காட்சிகள் 200 ஜிகாபைட் என்று கொள்வோம். 11.5 மெகாபைட் வேகத்தில் அது நகர ஏறத்தாழ 4 மணி 50 நிமிடம் ஆகும். 112-இல் அரை மணி நேரம். இரண்டுக்கும் நடுவே நிற்பது சில வெள்ளி விலையுள்ள ஒரு கேபிளாக இருக்கலாம். செம்புக் கேபிளில் ஜிகாபிட் ஓடுவதற்கான தரம் 1999-இலேயே முடிவாகிவிட்டது. கால் நூற்றாண்டுப் பழைய தொழில்நுட்பம். அதற்குரிய ஐந்து போர்ட் சுவிட்சை எந்தக் கணினிக் கடையிலும் மலிவாக வாங்கலாம்.

கேபிள் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பழுதுகள் அதிகம் ஒளிந்திருப்பது அங்கேதான். தொழிலில் இருப்பவர்களே அலட்சியம் காட்டுவதும் அங்கேதான்.

நெட்வொர்க் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும், 1, 2, 3, 6 என்ற நான்கு முனைகள். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். நீலம் அல்லது பழுப்பு ஜோடியில் ஒரே ஒரு கம்பி அறுந்தாலும், பல நெட்வொர்க் கார்டுகள் தாமாகவே 100-க்கு இறங்கிவிடும். இணைப்பு அறுவதில்லை, திரையில் எச்சரிக்கை வருவதில்லை, மின்னஞ்சல் வருகிறது, யூடியூப் ஓடுகிறது. யாருக்கும் எதுவும் தெரியாமல் வேகம் பத்தில் ஒன்றாகிவிடுகிறது. விண்டோஸ் அமைப்புகளில் ஈதர்நெட் பக்கத்தைத் திறந்தால் இணைப்பு 1000-இல் நிற்கிறதா 100-இல் நிற்கிறதா என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். பிளானை ஏற்றச் சொல்லும் எத்தனை பேர் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறார்கள்?

அதைவிட மோசமான பழுது ஒன்று உண்டு. கனெக்டரை அழுத்திப் பொருத்தும்போது கம்பிகளை முறைப்படி அடுக்க வேண்டும். பச்சை ஜோடி 3-லும் 6-லும் போக வேண்டும், நீல ஜோடி நடுவில் 4, 5-இல் உட்கார வேண்டும். தெரியாதவர் ஜோடி ஜோடியாக 1-2, 3-4, 5-6, 7-8 என்று இரு முனையிலும் அடுக்கிவிடுகிறார். எட்டு விளக்குள்ள மலிவான டெஸ்டரை மாட்டினால் ஒன்று முதல் எட்டு வரை வரிசையாக எரியும். "ஓகே, நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்த டெஸ்டர் பார்ப்பது கம்பி தொடர்ந்து போகிறதா என்பதை மட்டும். 3-இலும் 6-இலும் ஓடும் சமிக்ஞை இப்போது ஒரே முறுக்கில் இல்லை, வேறு வேறு ஜோடிகளில் பிரிந்து கிடக்கிறது. ஒரு ஜோடியின் இரைச்சல் இன்னொன்றில் ஏறாமல் தடுக்கத்தான் முறுக்கு இருக்கிறது, அந்தப் பயன் போய்விட்டது. இரண்டு மீட்டருக்கு அது ஓடிவிடலாம். மாடிக்கு ஏறும் முப்பது மீட்டரில் பிழைகள் பெருகும். செம்புப் பூச்சு பூசிய அலுமினியக் கம்பியை முழுச் செம்பு என்று விற்கும் கேபிளும் இப்படித்தான். மின்தடை கூடுதல், எளிதில் ஒடியும், அங்கீகரித்த தரத்தில் அதற்கு இடமே இல்லை. விளக்கு டெஸ்டரில் மட்டும் நன்றாகத் தேர்ச்சி பெறும்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். உலகில் இடி மின்னல் மிகுந்த பகுதிகளில் தீபகற்ப மலேசியாவும் ஒன்று. பிற்பகல் மழை வெறும் மழையாக வருவதில்லை. மின்னல் அதிர்ச்சி பட்ட போர்ட் எப்போதும் முழுதாகச் சாவதில்லை. சில வேளை பாதி உயிரோடு ஓடும். போன மாதம்வரை நன்றாக ஓடிய நகல், ஒரு பெருமழைக்குப் பிறகு திடீரென்று 11 மெகாபைட்டுக்கு இறங்கிவிட்டது என்று யாராவது சொன்னால், கேபிளை அடுத்த போர்ட்டுக்கு மாற்றிப் பார்ப்பதுதான் முதல் வேலை. எந்த பிளானும் எரிந்த போர்ட்டுக்கு மருந்தாகாது.

பிழையுள்ள கேபிள் ஏன் இவ்வளவு தாமதத்தை உண்டாக்குகிறது என்பதை அறிய 1986-க்குப் போக வேண்டும். அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் இடையே தூரம் சுமார் 400 கஜம். அந்த ஆண்டு அக்டோபரில் அவற்றுக்கு இடையிலான வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து வெறும் 40 பிட்டுக்கு விழுந்தது. எண்ணூறில் ஒரு பங்கு. வான் ஜேக்கப்சன் என்ற ஆராய்ச்சியாளர் அதை ஆராய்ந்தார். வழியில் தொலைந்துபோன தரவுத் துண்டுகளைக் கணினிகள் கண்மூடித்தனமாகத் திரும்பத் திரும்ப அனுப்பி லைனைத் தாமே அடைத்துக்கொண்டன என்று கண்டார். மருந்து அதிக அகலமான லைன் அல்ல. துண்டு ஒன்று தொலைந்தால் அதை நெரிசலின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு கணினி தன் வேகத்தைக் குறைத்து, பிறகு மெல்ல ஏற வேண்டும் என்ற புதிய நடத்தை. 1988-இல் வெளியான அவருடைய கட்டுரையில் தொடங்கிய அந்த ஒழுங்கு இன்று நம் எல்லாக் கணினிகளிலும் இருக்கிறது.

அதே ஒழுங்குதான் தவறாக அடுக்கிய கேபிளில் நம்மை வாட்டுகிறது. கேபிளில் துண்டு தொலைகிறது. அனுப்பும் கணினி அதை நெரிசல் என்று எடுத்துக்கொண்டு பணிவோடு வேகத்தைக் குறைக்கிறது, ஏறுகிறது, மறுபடி தொலைகிறது, மறுபடி இறங்குகிறது. நூற்றில் ஒரு துண்டு தொலைந்தாலே வேகம் சரிந்துவிடும். இணைப்பைச் சோதிக்கும் பிங் கட்டளையை ஓட்டிப் பார்த்தால், அது அனுப்பும் நான்கு துண்டும் அழகாகத் திரும்பி வரும். நான்கே துண்டுகளை வைத்துக்கொண்டு நூற்றில் ஒன்றை எப்படிக் காண்பது? பிங் சரியாக வருகிறது, ஆகவே உள் நெட்வொர்க் சரி, குற்றம் வெளி லைன்மீது என்று முடிவு கட்டுகிறவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது.

தொழில்நுட்பர்களிடையே உலவும் இன்னொரு வழக்கத்தையும் மறுத்தாக வேண்டும். கார்டும் சுவிட்சும் வேகத்தைத் தாமாகப் பேசி முடிவு செய்ய விட்டால் தொல்லை, கார்டின் வேகத்தை 100 முழு இருவழி என்று கையால் பூட்டிவிடு என்பது தொண்ணூறுகளின் பழைய அறிவுரை. ஒரு முனையைப் பூட்டி மறுமுனையைத் தானியங்கியில் விட்டால், மறுமுனைக்கு எதிராளியின் பேச்சு கேட்பதில்லை. அது பாதுகாப்பாக ஒருவழி மாறி ஒருவழி முறைக்கு இறங்கிவிடுகிறது. ஒரு முனை ஒரே நேரத்தில் இரு திசையிலும் பேசுகிறது, மறுமுனையோ ஒருவர் பேசும்போது அடுத்தவர் வாய் மூட வேண்டும் என்ற விதியில் நிற்கிறது. சிறு ஃபைல் போகும், பெரிய ஃபைல் ஊர்ந்து ஊர்ந்து சாகும். ஜிகாபிட் செம்பில் தானியங்கிப் பேச்சு கட்டாயம், அதைப் பூட்டவே கூடாது.

இதைவிட ஆபத்தானது, நெட்வொர்க்கில் ஃபைல்களைச் சேமிக்கும் பழைய நாஸ் பெட்டி மெதுவாக இருக்கிறது அல்லது திறக்கவில்லை என்றால், விண்டோஸில் எஸ்எம்பி என்ற ஃபைல் பகிரும் நெறிமுறையின் முதல் பதிப்பை மறுபடி திறந்துவிடு என்பது. அந்தப் பதிப்பு ஒவ்வொரு சிறு வேலைக்கும் பலமுறை போய்வந்து பேசும், வேகத்துக்கே எதிரானது. அதைவிட, 2017 மே மாதம் உலகம் முழுவதும் பரவிய வான்னாகிரை என்ற பணம் பறிக்கும் நிரல் நுழைந்த ஓட்டை அதில்தான் இருந்தது. 2024 இறுதியில் வந்த விண்டோஸ் 11-இன் புதிய பதிப்பு, தொழில்முறைப் பதிப்புகளில் ஒவ்வொரு எஸ்எம்பி பரிமாற்றத்துக்கும் டிஜிட்டல் கையொப்பத்தைக் கட்டாயமாக்கியது. பழைய பெட்டிகள் சில அதோடு பேச மறுக்கின்றன, வலுவற்ற செயலியுள்ள சில திணறுகின்றன. மேம்படுத்திய அடுத்த நாள் நகல் மந்தமானால் அங்கே பாருங்கள், அந்தப் பெட்டியின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். கதவையே கழற்றி வைக்காதீர்கள்.

கணக்கு அலுவலகங்களில் வேறு ஒரு நோய் அதிகம். ஐம்பதாயிரம் சின்ன ஃபைல்கள், ரசீதுப் படங்கள், கடிதங்கள். மொத்த அளவு சிறியது, ஆனால் ஒவ்வொன்றையும் திறக்க, பெயரிட, எழுத, மூட, வைரஸ் தடுப்பு மென்பொருள் மோந்து பார்க்க, எல்லாம் சேர்ந்து ஒரு ஃபைலுக்கு 20 மில்லிவிநாடி என்று வைத்தாலே ஐம்பதாயிரத்துக்கு 1,000 விநாடி, ஏறத்தாழ 17 நிமிடம். கேபிள் பத்து ஜிகாபிட் ஆனாலும் இந்த நேரம் அதிகம் குறையாது. ஒரே ஃபைலாகச் சுருக்கிக் கட்டி அனுப்பினால் குறையும். டிஸ்க்கும் இப்படி லைனுக்குத் தொடர்பில்லாத தாமதத்தைத் தரும். 2020-இல், நாஸுக்கென்றே விற்ற வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையின் சில டிஸ்க்குகளில், தொடர்ந்து எழுதும்போது மந்தமாகும் எஸ்எம்ஆர் முறை அறிவிப்பின்றி வைக்கப்பட்டிருந்தது வெளியே வந்தது. அப்படி ஒரு டிஸ்க் உள்ளே இருக்க, வெளி லைனை எத்தனை மடங்கு ஏற்றினாலும் என்ன?

வைஃபை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அனுப்பும் லேப்டாப்பும் வாங்கும் லேப்டாப்பும் ஒரே ரௌட்டரின் ஒரே அலையில் இருந்தால், ஒவ்வொரு துண்டும் காற்றில் இரண்டு முறை பயணிக்கிறது. வேகம் பாதியாவது பழுதல்ல, இயல்பு. வரிசைக் கடைவீடுகளில் அக்கம்பக்கத்து ரௌட்டர்கள் எல்லாம் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் மோதிக்கொள்ளும். ஒன்றோடொன்று உரசாத சானல் அங்கே மூன்றுதான். பெரிய ஃபைல் நகர்த்த வேண்டுமென்றால் குறைந்தது ஒரு முனையையாவது கேபிளில் மாட்டுங்கள்.

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதங்களுக்கு வருகிறேன். முதலாவது, உள் நெட்வொர்க்கையே ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும், எல்லாவற்றையும் கிளவுடில் போடுங்கள், ஜொகூரே டேட்டா சென்டர் மாநிலமாகிவிட்டது என்பது. செடெனாக்கிலும் கூலாயிலும் நூசாஜெயாவிலும் எழும் கட்டடங்களைப் பார்க்கும்போது இந்த நினைப்பு வருவது இயற்கை. 2025 ஜனவரியில் ஜொகூர் சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானபின் அந்தப் பேச்சு இன்னும் பெருகிவிட்டது. ஆனால் நம் கடைவீட்டு மாடிக்கும் அந்தக் கட்டடங்களுக்கும் நடுவே இருப்பது அதே வீட்டு இணைப்புதான். வீட்டு பிளான் பலவற்றில் மேலே ஏற்றும் வேகம், கீழே இறக்கும் வேகத்தைவிடக் குறைவு. ஏற்றும் வேகம் 100 மெகாபிட் என்றால், அந்த 200 ஜிகாபைட் திருமணம் மேலே போக மட்டும் நாலரை மணி நேரம். பக்கத்து அறைக்காரர் அதை இறக்க வேண்டிய நேரம் தனி. பழுதான கேபிள் உள்ளே அப்படியே இருந்தால், கிளவுடுக்குப் போகும் ஃபைலும் முதலில் அந்தக் கேபிளில்தான் ஊர வேண்டும்.

அந்த டேட்டா சென்டர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது வேறு. அத்தகைய இடங்களில் கேபிள் இழுத்தால், தரச் சான்று தரும் கருவியால் அதை அளந்து, எண்ணிட்டு, முடிவைப் பதிவு செய்வது வழக்கம். அளக்காத கேபிள்மீது யாரும் நம்பிக்கை வைப்பதில்லை. கோடிக்கணக்கில் பணம் போடுகிறவர்கள் ஊகத்தை நம்பி ஓட்டுவதில்லை என்றால், சின்ன முதலில் தொழில் செய்கிற நாம் மட்டும் ஏன் ஊகத்துக்குக் காசு கொடுக்க வேண்டும்?

இரண்டாவது வாதம் நேரம் பற்றியது. அளந்து பார்க்க யாருக்கு நேரம், புதிதாக ஒன்றை வாங்கிப் போட்டால் வேலை முடிந்தது என்பார்கள். இதை மதித்துப் பதில் சொல்ல வேண்டும். சிறு தொழிலில் ஒரு மணி நேரமும் பணம்தான். ஆனால் அளப்பதற்கு ஆகும் நேரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். இரு கணினியிலும் ஐபெர்ஃப் என்ற இலவச மென்பொருளை ஓட்டினால், டிஸ்க்கைத் தொடாமல் நெட்வொர்க்கை மட்டும் பத்து விநாடியில் அளந்து சொல்லும். 940 மெகாபிட் என்று காட்டினால் கேபிளும் சுவிட்சும் குற்றமற்றவை, டிஸ்க்கையும் மென்பொருளையும் பாருங்கள். 94 என்று காட்டினால் எங்கோ ஒரு கண்ணி 100-இல் நிற்கிறது. அதற்கு நடுவில் தடுமாறினால் பிழை அல்லது வைஃபை. பிறகு சுவிட்சை விலக்கி, இரண்டு கணினியையும் ஒரு நல்ல கேபிளால் நேராக இணைத்து மறுபடி அளங்கள். அங்கே 940 வந்தால் குற்றம் சுவிட்சிலோ சுவர்க் கேபிளிலோ. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதே கடினமான ஒழுக்கம். நாலையும் ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது, அடுத்த முறை அந்த நாலையும் மறுபடி வாங்க வேண்டியிருக்கும். ஒரு தேநீர் நேரத்தில் இதெல்லாம் முடிந்துவிடும். இன்னொரு பக்கம், மாதம் 60 வெள்ளி கூட்டிக் கட்டினால் 24 மாதத்தில் 1,440 வெள்ளி. அந்தப் பணத்தில் அலுவலகத்தின் கேபிள் முழுவதையும் முறையாக மாற்றி, ஜிகாபிட் சுவிட்சும் போட்டு மீதம் வைக்கலாம்.

தொழில் செய்யும் நம் இளைஞர்கள்மீது எனக்குக் கோபமில்லை, வருத்தம்தான். கேபிள் இழுக்கத் தெரிந்தவர், ரௌட்டர் அமைக்கத் தெரிந்தவர், அளக்கத் தெரியாதவராக நிற்பது அவர் திறமைக்கே அவமானம். ஒரு நல்ல மெக்கானிக் எஞ்சினைத் திறந்து பார்க்காமல் வண்டியை மாற்றச் சொல்ல மாட்டார் என்று எதிர்பார்க்கும் வாடிக்கையாளர், கணினித் தொழில்நுட்பரிடம் அதையே எதிர்பார்க்கத் தொடங்க வேண்டும். எதிர்பார்ப்பு இல்லாத இடத்தில் கைத்திறன் வளராது.

அடுத்த முறை யாராவது உங்கள் அலுவலகத்தில் கேபிள் இழுத்தாலோ வேகப் பழுது பார்த்தாலோ, பில்லின் பின்பக்கம் மூன்று செய்திகளை எழுதித் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு மேசையிலும் இணைப்பு 1000-இல் நிற்கிறதா என்பது ஒன்று. அந்த மேசைக்கும் சர்வருக்கும் இடையே ஐபெர்ஃப் காட்டிய எண் இரண்டாவது. எந்தக் கேபிள் எந்தப் போர்ட்டில் போகிறது என்பது மூன்றாவது. அந்தத் தாளைச் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். வேகம் மறுபடி குறையும் நாளில் எந்த மேசையின் எண் மாறியிருக்கிறது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். எழுதித் தர மாட்டேன் என்கிறவருக்கு மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.